வாஹூ கிக்கர் கோர் ட்ரெயினர்: பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்கள் வாங்கலாமா?

வாங்கலாம். வாரத்தில் நான்கு நாளாவது, வீட்டுக்குள் சைக்கிளை மாட்டி ஓட்டும் இந்த ட்ரெயினரில் உட்காரப் போகிறீர்கள், மிதிக்கும் சக்தியை வாட்டில் கணக்கு வைத்துத்தான் பயிற்சி செய்கிறீர்கள் என்றால், நடுத்தர விலையில் இது நல்ல தேர்வு. ஆனால் மாட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய கருவி அல்ல இது. ஸ்பின் டவுன் என்ற அளவீட்டுச் சரிபார்ப்பைச் செய்யாவிட்டால் எண் பிசகும். காற்றோட்டமில்லாத அறையில் வைத்தால் ட்ரெயினர் நன்றாக ஓடும், ஓட்டுகிறவர் இருபதாவது நிமிடத்தில் படுத்துவிடுவார். கரண்ட் போனால் மிதிக்குத் தடை கொடுக்கும் பிரேக் விட்டுவிடும். வாங்கியவர்கள் குறை சொல்லும் விஷயங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில் வந்து நிற்கும்.

பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஃப்ரேமை நேரடியாக மாட்டும் வகை இது. எடை 18 கிலோ. அதில் ஃப்ளைவீல் என்ற கனமான சுழல் சக்கரம் மட்டும் 5.4 கிலோ. நிறுவனம் சொல்லும் கணக்குப்படி அதிகபட்சம் 1800 வாட், 16 சதவீத ஏற்றம், துல்லியம் கூட்டிக் கழித்து 2 சதவீதம். 2018-இல் 899 டாலருக்கு வந்தது, பிறகு 599 டாலருக்கு இறங்கியது. இந்தியாவில் இறக்குமதித் தீர்வையும் ஜிஎஸ்டியும் ஏறுவதால் டாலர் விலையை அப்படியே ரூபாயாக மாற்றிப் பார்த்து ஏமாற வேண்டாம். 2025-இல் வைஃபையோடு கோர் 2 வந்துவிட்டது. இங்கே பேசுவது முதல் கோரைப் பற்றி. செகண்ட் ஹேண்டில் கைமாறுவது இதுதான்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

பெட்டிக்குள் கேசட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பு) இருக்கிறதா என்று ஆர்டர் போடும் முன்பே கேளுங்கள். சாதாரணக் கோரில் கேசட் வராது. ஸ்விஃப்ட் என்ற மெய்நிகர் சைக்கிள் ஆப்பின் காக் போட்டு விற்கும் வகையில் கேசட்டுக்குப் பதில் ஒரே ஒரு 14 பல் சக்கரம் இருக்கும், கியர் மாற்றுவது மென்பொருள் வழியாக. வீட்டில் இரண்டு பேர், இரண்டு சைக்கிள், ஒன்று 11 ஸ்பீடு, இன்னொன்று 12 என்றால் காக் பெரிய வசதி. எந்தச் செயினும் உட்காரும், டீரெயிலர் (செயினைப் பல் மாற்றும் கருவி) ஒத்துப்போகவில்லை என்ற தொல்லை கிடையாது. ஆனால் டிடி பைக்கில் (குனிந்து ஓட்டும் தனிநேரப் பந்தய சைக்கிள்) ஏரோ பார் முனையிலிருந்து கியர் மாற்றிப் பழக வேண்டியவர்கள் கேசட் மாட்டும் வகையையே வாங்குங்கள். பந்தயத்தில் கை தேடிப் போகும் இடம் பயிற்சியிலும் அதே இடமாக இருக்க வேண்டும்.

கேசட் உட்காரும் உருளையான ஃப்ரீஹப் ஷிமானோ ஹெச்ஜி வகை. 11 ஸ்பீடு கேசட் நேராக உட்காரும். 8, 9, 10 ஸ்பீடு ரோடு கேசட் என்றால் முதலில் 1.8 மி.மீ. ஸ்பேசரைப் போட்டுவிட்டு அதன் மேல் கேசட்டை ஏற்ற வேண்டும். அதை மறந்தால் லாக்ரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் கேசட் லொடலொடவென்று ஆடும். லாக்ரிங்கில் எழுதியிருக்கும் 40 நியூட்டன் மீட்டரைக் கையால் மட்டும் முறுக்கி எட்ட முடியாது. லாக்ரிங் டூலும் நீளக் கைப்பிடி ஸ்பேனரும் வேண்டும். பழைய கேசட்டைக் கழற்றச் செயின் விப்பும் வேண்டும். ஸ்ராம் எக்ஸ்டிஆர் கேசட் வைத்திருப்பவர்களும் காம்பக்னோலோ வைத்திருப்பவர்களும் ஃப்ரீஹப் பாடியைத் தனியாக வாங்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சக்கரத்தில் இருக்கும் கேசட்டின் அதே மாடலை, அதே பல் எண்ணிக்கையில் ட்ரெயினருக்கும் வாங்குவது புத்திசாலித்தனம். அப்படி வாங்கினாலும் ஹப்புக்கு ஹப் சில பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும், கியர் கடகடக்கும். பின் டீரெயிலரின் பேரல் அட்ஜஸ்டரைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று குறித்து வைத்தால் ஞாயிற்றுக்கிழமை ரோட்டுக்குப் போகும்போது அதே அளவு திருப்பிவிடலாம். லிமிட் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம்.

குவிக் ரிலீஸ் என்றால் 130, 135 மி.மீ. இரண்டுக்கும் ஒரே ஸ்பேசர்தான், திருப்பிப் போட்டால் அளவு மாறும். த்ரூ ஆக்ஸில் என்றால் 12க்கு 142, 148 அடாப்டர்கள் பெட்டியிலேயே உண்டு, உங்கள் சைக்கிளின் ஆக்ஸிலையே செருக வேண்டும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் சக்கரத்தைக் கழற்றியதும் பின் காலிப்பரில் பேட் ஸ்பேசரைச் செருகுங்கள். ட்ரெயினரில் இருக்கும்போது தன்னையறியாமல் பிரேக் லீவரைப் பிடித்துவிட்டால் பிஸ்டன் இரண்டும் வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலை ஐந்து மணிக்கு ரோட்டர் உள்ளே போகாது. ஸ்பேசர் கையில் இல்லையென்றால் கெட்டியான அட்டையை மடித்துச் செருகினாலும் போதும்.

700சி சக்கரத்துக்கு ஏற்ற உயரத்தில் கோர் நிற்கும், உயரத்தை மாற்ற வழி கிடையாது. தூக்கிச் செல்லக் கைப்பிடியும் இல்லை. மாடியறைக்கும் ஹாலுக்கும் தினமும் இடம் மாற்ற வேண்டிய வீட்டில் இது நிஜமான சிரமம். ட்ரெயினரின் கால்களை மடக்கினாலும் எடை முழுவதும் ஃப்ளைவீல் பக்கமே இழுக்கும், எனவே அந்தப் பக்கத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.

ஸ்பின் டவுன்: தவிர்க்கக்கூடாத பத்து நிமிடம்

கோர் வாட்டைக் கணக்கிடும் முறை தெரிந்தால் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பது புரியும். மின்காந்த பிரேக் எவ்வளவு இழுக்கிறது என்பது அதற்குத் தெரியும். ஆனால் பெல்ட்டும் பேரிங்கும் தின்னும் சக்தி தெரியாது. அதை ஊகிக்கத்தான் ஸ்பின் டவுன். மணிக்கு 37 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோய் மிதிப்பதை நிறுத்துகிறீர்கள், ஃப்ளைவீல் வேகம் குறைய எத்தனை விநாடி பிடிக்கிறது என்று பார்த்து உராய்வைக் கணக்கிடுகிறது.

ட்ரெயினர் குளிர்ந்திருக்கும்போது பெல்ட் இறுக்கமாக இருக்கும், ஃப்ளைவீல் சீக்கிரம் நிற்கும். உராய்வு அதிகம் என்று கருவி எழுதிக்கொள்ளும். பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடானதும் நிஜ உராய்வு குறைந்துவிடும், ஆனால் கணக்கில் பழைய எண்தான் இருக்கும். விளைவு, மிதித்ததைவிட அதிக வாட் திரையில் தெரியும். ட்ரெயினரே வாட்டைப் பிடித்து நிறுத்தும் எர்க் மோடில் இன்னும் மோசம். 220 வாட் என்று திரை காட்டும், கால் மிதிப்பது அதைவிடக் குறைவு. ஆறு வாரம் கழித்து ரோட்டில் பவர் மீட்டரோடு போகும்போதுதான் உண்மை தெரியும்.

ஆகவே குறைந்தது பத்து நிமிடம், முடிந்தால் பதினைந்து நிமிடம், மிதமாக ஓட்டுங்கள். வாஹூ ஆப்பில் ஸ்பின் டவுனைத் திறந்து, பெரிய செயின்ரிங்கில் (முன் பல்சக்கரம்) வேகமெடுத்து, சொன்னதும் மிதிப்பதை நிறுத்துங்கள். இடையில் கால் அசைத்தால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். ஆனால் ட்ரெயினரை இடம் மாற்றினாலோ, ஏசி அறையிலிருந்து மொட்டை மாடிக் கொட்டகைக்குக் கொண்டுபோனாலோ, எஃப்டிபி (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்) டெஸ்ட் எடுக்கும் நாளிலோ மறுபடி செய்யுங்கள். 24 டிகிரி ஏசி அறையில் எடுத்த கணக்கு 33 டிகிரி மதியத்துக்குப் பொருந்தாது.

கிராங்கிலோ பெடலிலோ பவர் மீட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே ரைடில் பதிவு செய்து பாருங்கள். ட்ரெயினரை ஆப்பிலும் பவர் மீட்டரை சைக்கிள் கம்ப்யூட்டரிலும் இணைத்தால் போதும். ட்ரெயினர் 2 முதல் 3 சதவீதம் குறைவாகக் காட்டுவது இயல்பு, செயினும் டீரெயிலரும் விழுங்கும் சக்தி அது. ட்ரெயினர் அதிகமாகக் காட்டினால் ஏதோ தவறு. முதலில் பவர் மீட்டரை ஜீரோ ஆஃப்செட் செய்யுங்கள், பிறகு சூடான ஸ்பின் டவுன். இடது கிராங்க் மட்டும் அளக்கும் மீட்டர் என்றால் இரண்டு காலின் பலமும் சமமில்லாத வித்தியாசம் அதில் இரட்டிப்பாகத் தெரியும். அந்தப் பழியைக் கோர் மேல் போட வேண்டாம்.

இரண்டு சதவீதத் துல்லியம் பந்தயப் பயிற்சிக்குப் போதுமா? எஃப்டிபி 240 உள்ள ஒருவருக்கு 2 சதவீதம் என்பது ஏறக்குறைய 5 வாட். நிமிடத்துக்கு நிமிடம் வாட்டை ஏற்றும் ராம்ப் டெஸ்டில் கடைசி முழு நிமிடம் 320 வாட் வந்தால் 75 சதவீதம் எடுத்து 240 என்கிறோம். அடுத்த மாதம் 244 வந்தால் அதை முன்னேற்றம் என்று கொண்டாடுவதற்கில்லை. ஒரே அறை, ஒரே ஃபேன், ஒரே ஸ்பின் டவுன் வழக்கம் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கருவி நாளுக்கு நாள் ஒரே மாதிரி அளக்கும். பயிற்சிக்கு வேண்டியது அதுதான். அதே சமயம், எண்ணை வைத்து ஒருவரையொருவர் வெல்லும் போட்டிக்குத் தரம் இன்னும் மேலே போக வேண்டும். 2020-இல் சர்வதேச சைக்கிளிங் சங்கமான யுசிஐ நடத்திய முதல் சைக்கிளிங் இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப்பில் எல்லா வீரர்களுக்கும் டாக்ஸ் நியோ 2டி என்ற ஒரே மாடலைக் கொடுத்தார்கள். ஜேசன் ஆஸ்போர்னும் ஆஷ்லி முல்மன் பாசியோவும் வென்ற பந்தயம் அது. நியோவின் துல்லியம் 1 சதவீதம், ஸ்பின் டவுன் தேவையே இல்லை.

எர்க் மோடில் எந்த கியர்?

எர்க் மோட் என்றால் 200 வாட் என்று சொல்லிவிட்டால் நீங்கள் எந்த வேகத்தில் மிதித்தாலும் ட்ரெயினர் பிரேக்கைக் கூட்டிக் குறைத்து 200-இலேயே நிறுத்தும். அரை அயர்ன்மேன் எனப்படும் 70.3 தூரத்துக்குத் தயாராகும் ஒருவருக்கு இது வரப்பிரசாதம். எஃப்டிபி 240 என்றால் 85 சதவீதம் 204 வாட். அதில் மூன்று முறை 20 நிமிடம், இடையில் 5 நிமிட ஓய்வு. கோர் இந்த வேலையைப் பிசிறில்லாமல் செய்யும். ஏரோ பாரில் குனிந்து, கேடன்ஸை (நிமிடத்துக்கு மிதிச் சுற்று) 85-க்கும் 90-க்கும் நடுவே வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமலேயே ஓட்டலாம்.

ஆனால் கியர் எது என்பது முக்கியம். 53க்கு 15 (முன்னால் 53 பல், பின்னால் 15 பல்) போன்ற கனமான கியரில் ஃப்ளைவீல் வேகமாகச் சுற்றும், ரோட்டில் தட்டையான பாதையில் போவது போன்ற உந்தம் கிடைக்கும். ஆனால் அந்த வேகத்தில் பிரேக்கை எவ்வளவு தளர்த்தினாலும் ஓரளவுக்குக் கீழே இறங்காது. 100 வாட் ஓய்வுப் பகுதியில் 130-க்குக் கீழே வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் காரணம் இதுதான். சின்ன செயின்ரிங்குக்கு மாற்றினால் சரியாகிவிடும். மறுபுறம், 34க்கு 28-இல் வைத்து 350 வாட் கேட்டால் ஃப்ளைவீல் அவ்வளவு மெதுவாகச் சுற்றும்போது அத்தனை பிரேக் கொடுக்கக் கருவிக்கு முடியாது. நடுவில் வையுங்கள். முன்னால் சின்ன ரிங், பின்னால் கேசட்டின் நடுப்பகுதி, செயின் நேர்க்கோட்டில் போகும் பல். சத்தமும் குறையும், செயினும் தேயாது.

கேடன்ஸ் விழுந்தால் வரும் ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கடினமான செட்டின் கடைசி நிமிடத்தில் 85-இலிருந்து 70-க்கு இறங்கினால், வாட்டைக் காப்பாற்ற ட்ரெயினர் பிரேக்கை இறுக்கும். கால் மேலும் மெதுவாகும், அது மேலும் இறுக்கும். ஐந்து விநாடியில் சேற்றில் மாட்டியதுபோல் நின்றுவிடும். எதிர்த்து மிதிக்காதீர்கள். நிறுத்தி, எர்க்கை அணைத்து, கேடன்ஸ் 90-க்கு ஏறிய பிறகு மறுபடி போடுங்கள். செட் தொடங்கும் ஐந்து விநாடிக்கு முன்பே கேடன்ஸைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பது நல்ல பழக்கம்.

குறுகிய இடைவெளிகளுக்கு எர்க் சரிவராது. பென்ட் ரன்னஸ்டாட் என்ற நார்வே ஆய்வாளரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 30 விநாடி வேகம், 15 விநாடி ஓய்வு செட் இருக்கிறதே, 13 முறை செய்து 3 நிமிடம் ஓய்வு, அப்படி மூன்று சுற்று. அதில் ட்ரெயினர் இலக்கை எட்ட இரண்டு மூன்று விநாடி எடுத்துக்கொள்ளும், இறங்கவும் அதே அளவு. 15 விநாடி ஓய்வில் ஒரு பகுதி தாமதத்திலேயே கரைந்துவிடும். தடையை நீங்களே ஒரு லெவலில் நிறுத்தி வைக்கும் லெவல் மோடுக்கு மாற்றுங்கள். குறிப்பிட்ட கியரில் 90 கேடன்ஸில் இலக்கு வாட் வருமாறு லெவலை நிறுத்தி, ஓய்வுக்கு மூன்று கியர் இறக்குங்கள். ஸ்பிரிண்ட் பயிற்சிக்கும் இதே வழி.

இன்னொன்று. வாஹூ ஆப்பில் எர்க் மோட் பவர் ஸ்மூத்திங் என்று ஒரு சுவிட்ச் உண்டு. தொடக்கத்தில் அது ஆனில்தான் இருக்கும். அப்படியே விட்டால் கிராஃப் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் வரும், மிதிப்பதில் இருக்கும் ஏற்ற இறக்கம் தெரியவே தெரியாது. ஆஃப் செய்யுங்கள். அழகான கோடு பந்தயத்தில் உதவாது, எந்த நிமிடத்தில் மிதி தடுமாறுகிறது என்ற தகவல் உதவும்.

சென்னையிலும் கிழக்குக் கடற்கரை ஓரத்திலும் இருப்பவர்களுக்கு மலையே கிடையாது. 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்கு வாராவாரம் போய்வர முடியாது. ஸ்விஃப்ட்டில் மலையேறும்போது ட்ரெயினர் டிஃபிகல்ட்டி என்ற அமைப்பு 50 சதவீதத்தில் இருக்கும், அதாவது 8 சதவீத ஏற்றம் காலுக்கு 4 சதவீதமாகத்தான் தெரியும். மேலே போய்ச் சேர வேண்டிய வாட்டும் நேரமும் மாறாது, கியர் மட்டும் லேசாக இருக்கும். மலைப் பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் இதை 100-க்கு ஏற்றிவிடுங்கள். அப்போதுதான் உங்கள் 11-28 கேசட் போதுமா, 11-34 தேவையா என்பது இங்கேயே தெரியும். கோரின் எல்லை 16 சதவீதம். அதற்கு மேல் செங்குத்தான இடங்கள் 16 போலவே இருக்கும்.

வெயில், வியர்வை, கரண்ட்

மேற்கத்திய மதிப்புரைகள் ஒரு வரியில் கடந்துபோகும் இடம் இது. இங்கே இதுதான் பாதி விஷயம். மனித உடலின் செயல்திறன் 20 முதல் 25 சதவீதம். 200 வாட் மிதிக்கிறீர்கள் என்றால் ஏறத்தாழ 700 வாட் வெப்பமாக வெளியே போக வேண்டும், ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியின் அளவு. ரோட்டில் 30 கி.மீ. வேகக் காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். அறைக்குள் ஒரு காற்றும் இல்லை. ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் சென்னையில் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

சீலிங் ஃபேன் போதாது. 400 மி.மீ. பெடஸ்டல் ஃபேன் இரண்டு வையுங்கள். ஒன்று முன்னால், நெஞ்சுக்கும் முகத்துக்கும். இன்னொன்று பக்கவாட்டில் பின்னால், முதுகுக்கு. டிடி பைக்கில் குனிந்திருப்பவர்களுக்கு முதல் ஃபேனைத் தாழ்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் காற்று ஹெல்மெட் உயரத்தில் வீணாகப் போகும். ஃபேன் இல்லாமல் எடுத்த எஃப்டிபி எண்ணை நம்பிப் பயிற்சித் திட்டம் போடாதீர்கள். அது வெப்பம் தாங்கும் அளவைக் காட்டுகிறது, காலின் பலத்தை அல்ல.

கோவா 70.3 போன்ற வெயில் பந்தயத்துக்குப் போகிறவர்கள் இதையே அனுகூலமாக்கலாம். பந்தயத்துக்கு முன்னால் பத்து முதல் பதினான்கு நாள், முக்கியப் பயிற்சியை ஃபேனோடு முடித்துவிட்டு, தனியே 45 முதல் 60 நிமிடம் ஃபேன் இல்லாமல் லேசான வாட்டில் ஓட்டினால் இரத்தத்தின் பிளாஸ்மா அளவு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும். வாட்டைப் பார்க்காமல் இதயத் துடிப்பைப் பார்த்து ஓட்டுங்கள். வீட்டில் யாராவது இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். தலைசுற்றலோ குளிர் நடுக்கமோ வந்தால் அந்த நொடியே இறங்குங்கள்.

மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பது இங்கே சாதாரணம். விலை உயர்ந்த எலக்ட்ரோலைட் மாத்திரை கட்டாயமில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் உலக சுகாதார நிறுவன முறையிலான ஓஆர்எஸ் பாக்கெட், ஒரு லிட்டருக்கானது, அதில் ஏறக்குறைய 1,725 மி.கி. சோடியம் இருக்கிறது. அதை இரண்டு 750 மி.லி. பாட்டிலில் பிரித்துக் கரைத்தால் லிட்டருக்கு 1,150 மி.கி. வரும், நன்றாக வியர்ப்பவர்களுக்குத் தகுந்த அளவு. 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் விற்கிறார்கள், மாற்றி எடுத்துவிடாதீர்கள். ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸ் குறைவு, அதனால் 90 நிமிடத்துக்கு மேல் போகும் ரைடில் பாட்டிலுக்கு 40 கிராம் சர்க்கரை சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வியர்வை சைக்கிளுக்கு விஷம். ஹெட்செட்டின் மேல் பேரிங், ஸ்டெம் போல்ட், முன் டீரெயிலர் கிளாம்ப், பார் டேப்புக்கு அடியில் இருக்கும் அலுமினிய ஹேண்டில்பார், இவைதான் முதலில் அரிக்கும். பார் டேப்புக்கு அடியில் அரிப்பது வெளியே தெரியாது. ஸ்பிரிண்டில் பார் முறியும்போதுதான் தெரியவரும். ஆகவே வருடம் ஒருமுறையாவது டேப்பைப் பிரித்துப் பாருங்கள். ஹேண்டில்பாரிலிருந்து சீட்போஸ்ட் வரை ஒரு துண்டைக் கட்டுங்கள். ரைடு முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், வெறும் உலர்ந்த துணி உப்பை எடுக்காது. ஸ்டெம் போல்ட் தலைகளில் கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்தால் அவை துருப்பிடித்து ஆலன் கீ வழுக்காமல் இருக்கும்.

கரண்ட் விஷயத்தில் கோர் பலவீனமானது. மின்சாரம் இல்லாவிட்டால் பிரேக் இயங்காது, ஃப்ளைவீல் மட்டும் இலகுவாகச் சுற்றும், வாட்டும் ஒளிபரப்பாகாது. அடிக்கடி மின்தடை வரும் ஊரில் இன்வெர்டர் இணைப்பிலேயே மாட்டுங்கள். அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை வாங்கும், ட்ரெயினர் தின்னும் மின்சாரம் குறைவு, ஃபேன்தான் கொஞ்சம் அதிகம் எடுக்கும். சர்ஜ் பாதுகாப்புள்ள ஸ்பைக் பஸ்டர் கட்டாயம். வியர்வை சொட்டும் இடத்துக்கு நேர் கீழே எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வைக்காதீர்கள். இன்வெர்டர் வசதி இல்லாத வீடு என்றால், பணம் இருந்தால் நியோ 2டி பக்கம் போவதே சரி. அது மிதிக்கும் சக்தியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு ஓடும். ரவுட்டர் மட்டும் அணைந்தால் கவலை வேண்டாம். ஸ்விஃப்ட்டில் மற்றவர்கள் திரையிலிருந்து மறைவார்கள், உங்கள் ரைடு தொடரும்.

இணைப்பு, சத்தம், ஃப்ரேம்

ட்ரெயினரை ஆப் கண்டுபிடிக்கவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம். போனில் வாஹூ ஆப் பின்னணியில் ஓடிக்கொண்டு ப்ளூடூத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதை முழுவதும் மூடுங்கள். லேப்டாப்பில் ஆன்ட் பிளஸ் ஸ்டிக் (கம்பியில்லா இணைப்புக்கான யுஎஸ்பி கருவி) பயன்படுத்துபவர்கள் யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டு ஸ்டிக்கை ட்ரெயினருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். லேப்டாப்பின் பின்பக்கம் செருகினால் வாட் விட்டுவிட்டு வரும்.

பெல்ட் ஓடும் சத்தம் மிகக் குறைவு. கேட்பது செயினும் ஃபேனும்தான். அபார்ட்மெண்டில் கீழ்வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்வது சத்தமல்ல, தரை வழியாகப் போகும் அதிர்வு. மெல்லிய யோகா மேட் அதைத் தடுக்காது. ஜிம்மில் போடும் கெட்டியான ரப்பர் மேட்டை விரித்து, ட்ரெயினர் தூணருகே, சுவரோரம் இருக்கும்படி வையுங்கள். அறையின் நடுவில்தான் தளம் அதிகம் அதிரும்.

கோர் இம்மி அசையாமல் நிற்கும். உட்கார்ந்து ஓட்டுவதற்கு அது பலம். எழுந்து நின்று உலுக்கி ஸ்பிரிண்ட் அடித்தால் அந்த முறுக்கு முழுவதும் ஃப்ரேமின் பின்முக்கோணத்துக்குப் போகும். கார்பன் ஃப்ரேம் என்றால் ட்ரெயினரில் பயன்படுத்த உத்தரவாதத்தில் அனுமதி உண்டா என்று தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள். அசைவே இல்லாததால் உட்காரும் இடத்தில் அழுத்தமும் ஓரிடத்திலேயே விழும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கியரை இரண்டு கூட்டி, பதினைந்து விநாடி எழுந்து மிதியுங்கள். அயர்ன்மேன் தூரத்துக்கு 180 கி.மீ. ஓட்டப் போகிறவர்கள் நல்ல பேட் உள்ள பிப் ஷார்ட்ஸ் இல்லாமல் மூன்று மணி நேர ரைடில் ஏறவே கூடாது.

அறைக்குள் ஓட்டி என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பந்தயத்தைச் சொல்லலாம். 2016-இல் ஆஸ்திரேலிய சைக்கிள் வீரர் மேத்யூ ஹேமன் கை முறிந்து, பந்தயத்துக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், வீட்டு காரேஜில் ட்ரெயினரில்தான் உடம்பைத் தயார் செய்தார். அந்த ஏப்ரலில் டாம் போனனைக் கடைசியில் வேலோட்ரோமில் (சைக்கிள் பந்தய மைதானம்) முந்தி, பாரிஸ்-ரூபே என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு ஒருநாள் பந்தயத்தை வென்றார். ஆனால் அவருக்கு அதற்கு முன் பல வருட ரோட்டு அனுபவம் இருந்தது. கூட்டத்தில் சக்கரத்தோடு சக்கரம் உரசிப் போவது, வளைவில் பிரேக் பிடிக்கும் இடம், எதிர்க்காற்று, இவை எதையும் கோர் கற்றுத்தராது. வாரத்தில் ஒரு நீண்ட ரைடாவது ரோட்டில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையில் ரோடு தண்ணீரில் மூழ்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் இந்தக் கருவி தன் விலையைத் திருப்பித் தரும்.

வாங்கும்போது

வாரத்துக்கு ஒரு முறை, மழை நாளில் மட்டும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். சாதாரண ரோலரோ பழைய வீல் ஆன் ட்ரெயினரோ போதும், மிச்சப் பணத்தில் நல்ல பெடல் பவர் மீட்டர் வாங்குங்கள், அது ரோட்டிலும் உழைக்கும். 20 சதவீத மலையைத் தேடுபவர்களுக்கும், ஸ்பின் டவுன் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கும் நியோ 2டி-யின் 25 சதவீதமும் 2200 வாட்டும் பொருந்தும். அதன் விலை வேறு ரகம்.

புதிதாக வாங்கினால் இந்தியாவில் உத்தரவாதத்தை யார் ஏற்கிறார்கள், பழுதானால் 18 கிலோ பெட்டியை அனுப்பும் செலவு யாருடையது என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் ட்ரெயினருக்கு அந்த வசதி இருக்காது. அசல் பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் நேரில் போய், உங்கள் சைக்கிளையே மாட்டிப் பாருங்கள். 2018-இன் ஆரம்பக் கருவிகளில் சத்தப் பிரச்சினை இருந்தது, எனவே சீரியல் எண்ணையும் வாங்கிய ரசீதையும் கேளுங்கள். பத்து நிமிடம் ஓட்டியதும் டக் டக் என்று ஒரே சீராகத் தட்டும் ஒலி வருகிறதா, மிதிப்பதை நிறுத்தியதும் அது தொடர்கிறதா என்று கவனியுங்கள். நிறுத்தியும் தொடர்ந்தால் கோளாறு ஃப்ளைவீல் பக்கம், நின்றுவிட்டால் செயின் பக்கமாக இருக்கலாம். பிறகு கனமான கியரில் உட்கார்ந்தபடியே பத்து விநாடி முழுப் பலத்தோடு மிதியுங்கள். பெடல் திடீரென்று வெறுமையாக வழுக்கினால் பெல்ட்டோ ஃப்ரீஹப்போ தேய்ந்திருக்கிறது. கேசட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் மாற்ற வேண்டும். கடைசியாக உங்கள் போனில் வாஹூ ஆப்பைத் திறந்து ஃபர்ம்வேர் அப்டேட் முழுமையாக ஏறுகிறதா, ஸ்பின் டவுன் பிழையில்லாமல் முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அசல் பவர் அடாப்டரையும் த்ரூ ஆக்ஸில் அடாப்டர்களையும் எண்ணி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.